மறுக்க முடிந்த நாளில் வாங்கிய கையெழுத்து

வங்கியில் கடன் பிரிவில் இருப்பவர்களுக்குத் தேதிதான் எல்லாம். தவணை தவறி 30 நாள் வரை ஒரு பெயர், 60 வரை இன்னொரு பெயர், 90 வரை வேறொரு பெயர். 90-ஐத் தாண்டிவிட்டால் அது வாராக்கடன். கடன் வாங்கியவர் எவ்வளவு நாணயமானவர், அவருக்கு என்ன கஷ்டம் வந்தது என்பதெல்லாம் நமக்குத் தெரிந்திருக்கலாம்; ஆனால் கணக்கு எந்த வகையில் சேரும் என்பதைத் தேதி மட்டுமே தீர்மானிக்கும். இந்த ஒழுங்குக்குள்ளேயே என் பணிக்காலம் முழுவதும் கழிந்திருக்கிறது. அதனால்தானோ என்னவோ, என் கணவருக்கு மறதிநோய் என்று தெரிந்தபின் என்னை மிகவும் தடுமாற வைத்தது, அந்த நோய்க்குத் தேதியே கிடையாது என்பதுதான். நேற்றுவரை தெளிவு, இன்று முதல் தெளிவின்மை என்று கோடு கிழிக்க அதில் இடமில்லை. ஆனால் சட்டம் கோடு கேட்கிறது. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 12-ஆம் பிரிவில், ஒப்பந்தம் செய்யும் அந்த நேரத்தில் அதைப் புரிந்துகொண்டு, தன் நலனுக்கு அது என்ன செய்யும் என்று சீர்தூக்கிப் பார்க்க முடிகிறவரையே தெளிந்த மனம் உடையவர் என்கிறது. அப்படியானால் அவரிடம் கையெழுத்தை எப்போது கேட்பது? தெளிவாக இருக்கும்போது கேட்டால், அதற்குள் என்ன அவசரம் என்று நம் மனமே நம்மைக் கடிந்துகொள்ளும். அவசரம் வந்தபிறகு கேட்டால் அந்தக் கையெழுத்துக்கு மதிப்பு இருக்காது.

உறவினர்களும் உடன் வேலை செய்பவர்களும் என்னிடம் கேட்டது வேறு கேள்வி. எப்போது வேலையை விடப்போகிறாய் என்பது அது. கேட்பவர்களுக்கு இவை இரண்டும் தொடர்பில்லாத கேள்விகள். எனக்கு அவை ஒரே காலையில், எங்கள் சாப்பாட்டு மேசையில், ஒன்றாக வந்து சேர்ந்தன. அந்தக் காலையைப் பற்றி எழுதிவிட வேண்டும் என்று நெடுநாளாக மனத்தில் கிடக்கிறது.

வெளியில் பார்ப்பவர்கள் நினைப்பதற்கு மாறாக, எங்கள் வீட்டில் பணக்கணக்கு பார்த்தவர் அவர்தான். ஊரார் கணக்கைப் பார்ப்பது என் பிழைப்பு. வீட்டுக் கணக்கு அவர் கையில் இருந்தது. அரசு உதவி பெறும் பள்ளியில் கணித ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். இரவுச் சாப்பாடு முடிந்ததும் அன்றைய செலவை டைரியில் எழுதி, அடியில் கூட்டிப் போட்டு, கையிலிருக்கும் ரொக்கத்தோடு ஒத்துப்பார்த்துவிட்டுத்தான் படுக்கப் போவார். ஐந்து ரூபாய் இடித்தாலும் அது எங்கே போனது என்று தெரியாமல் விளக்கை அணைக்க மாட்டார். 2022-இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த டைரியை நான் தற்செயலாகத் திறந்தேன். ஒரே பக்கத்தில் ‘ஆவின் பால் 2 பாக்கெட்’ மூன்று முறை எழுதப்பட்டிருந்தது. மூன்றும் அதே சாய்ந்த கையெழுத்து. எதிரே அதே தொகை. அடியில் கூட்டுத்தொகைக்காகப் போட்ட இரட்டைக் கோட்டுக்குக் கீழே எதுவும் இல்லை. முந்தைய பக்கங்களைப் புரட்டினேன். கூட்டல் இல்லாத பக்கங்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாக ஆரம்பித்து, வரவரத் தொடர்ச்சியாக வந்திருந்தன. அதே மாதத்தில் மின்கட்டணம் இருமுறை கட்டப்பட்டிருந்தது, எல்.ஐ.சி. பிரீமியம் ஒன்று கட்டப்படவே இல்லை. வாரம் முடிவதற்குள் நரம்பியல் மருத்துவரிடம் நேரம் வாங்கிவிட்டேன். டைரியை நானே கையில் எடுத்துக்கொண்டு போனேன்.

பணத்தைக் கையாளும் திறன்தான் இந்த நோயில் முதலில் ஆட்டம் காண்பவற்றில் ஒன்று என்பதைப் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். 2020-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு, தனியாக வாழ்ந்த 80,000-க்கும் மேற்பட்ட முதியவர்களின் மருத்துவப் பதிவுகளையும் கடன் அறிக்கைகளையும் இணைத்துப் பார்த்தது. டிமென்ஷியா, அதாவது மறதிநோய், என்று மருத்துவர் சொல்வதற்கு 6 ஆண்டுகளுக்கு முன்பிருந்தே அவர்களில் பலர் தவணைகளைத் தவறவிடத் தொடங்கியிருந்தார்கள். தனியாக வாழ்ந்தவர்களை மட்டும் எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. இரண்டு பேர் இருக்கும் வீட்டில் ஒருவர் விட்டதை மற்றவர் கட்டிவிடுவார். வெளியே எதுவும் தெரியாது. அந்த ஆய்வைப் படித்தபோது எனக்குத் தோன்றியது, தினமும் தவணை தவறிய கணக்குகளின் பட்டியலைப் பார்க்கிற எங்களைப் போன்றவர்களின் கண்முன்னால் எத்தனை முதியவர்களின் நோய் வெறும் எண்ணாகக் கடந்து போயிருக்கும் என்பதுதான். இந்தியாவில் 60 வயதுக்கு மேற்பட்டவர்களில் 7.4 விழுக்காட்டினருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு டிமென்ஷியா இருக்கிறது என்று 2023-இல் வெளியான தேசிய அளவிலான ஆய்வு மதிப்பிட்டிருக்கிறது. அவர்களில் வங்கிக் கணக்கு வைத்திருக்காதவர் இன்று எத்தனை பேர் இருக்கப்போகிறார்கள்?

மருத்துவமனையில் அவரிடம் நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார்கள். 93, 86, 79, 72, 65 என்று கேட்டவர் எழுதி முடிப்பதற்குள் சொல்லிவிட்டு, மேலும் போகவா என்பதுபோல மருத்துவரைப் பார்த்தார். ஒரு கணம் எனக்கு எல்லாம் வீண் பயம் என்றே தோன்றியது. பிறகு வெள்ளைத் தாளைக் கொடுத்துக் கடிகாரம் வரைந்து பதினொன்று பத்து மணி காட்டச் சொன்னார்கள். வட்டம் காம்பஸ் வைத்தது போல விழுந்தது. எண்கள் பன்னிரண்டும் வலப்பக்கமே நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. முட்கள் இரண்டும் பத்தையும் பதினொன்றையும் பார்த்து நீண்டன. அவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தவறு இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்தது. எங்கே என்று தெரியவில்லை. வாழ்நாள் முழுதும் செய்த கணக்கு எளிதில் கைவிடாது, அதனால் படித்தவர்களிடம் இந்தச் சோதனைகள் நோயைச் சற்றுக் காலம் மறைத்துவிடக்கூடும் என்று மருத்துவர் விளக்கினார். பி12, தைராய்டு குறைபாடுகள் இல்லை என்று ரத்தப் பரிசோதனையில் உறுதி செய்துகொண்டு, எம்.ஆர்.ஐ. படத்தையும் பார்த்தபின், அல்சைமர், தொடக்க நிலை என்றார். டோனெபெசில் மாத்திரை எழுதினார். அது நோயைக் குணப்படுத்தாது, கொஞ்ச காலம் தாங்கிப் பிடிக்கும் என்பதையும் மறைக்காமல் சொன்னார். நாங்கள் எழுந்தபோது என்னிடம் மட்டும், “பேப்பர் வேலை ஏதாவது இருந்தா இந்த வருஷமே முடிச்சிடுங்க மேடம்” என்றார். அன்று கிடைத்த மருந்துச் சீட்டைவிட அந்த ஒரு வாக்கியம் எங்களுக்கு அதிகம் உதவியது.

கை முடியாதவருக்கு உள்ள வழி

மருத்துவர் ஏன் அப்படிச் சொன்னார் என்று எனக்கு யாரும் விளக்கத் தேவையிருக்கவில்லை. பணியில் சேர்ந்த புதிதில் தஞ்சை மாவட்டத்தில் ஒரு கிளையில் இருந்தேன். படுத்த படுக்கையாகிவிட்ட மூதாட்டி ஒருவரின் வீட்டுக்குப் பணம் எடுக்கும் படிவத்தோடு போனேன். கையெழுத்துப் போட இயலாத வாடிக்கையாளரிடம் பெருவிரல் ரேகை வாங்கலாம். கையும் இயலாவிட்டால் கால் விரல் ரேகைகூட வாங்கலாம். இரண்டு சாட்சிகள் அடையாளம் காட்ட வேண்டும், அவர்களில் ஒருவர் பொறுப்புள்ள வங்கி அலுவலராக இருக்க வேண்டும். ரிசர்வ் வங்கியின் வழிகாட்டுதல் இது. அந்தப் பாட்டிக்குக் கை நடுங்கியது. ஆனால் எவ்வளவு எடுக்கிறோம், எதற்கு எடுக்கிறோம், மிச்சம் எவ்வளவு என்று பைசா சுத்தமாகச் சொன்னார். பேரனிடம் கொடுக்காதே, என் கையில் கொடு என்றும் சொன்னார். நான் மகிழ்ச்சியோடு சாட்சிக் கையெழுத்துப் போட்டேன்.

பின்னாளில் வேறொரு ஊரில், தந்தையைச் சக்கர நாற்காலியில் கூட்டிவந்த மகன் ஒருவர், “ரேகை வெச்சா போதும்ல மேடம்?” என்று கேட்டார். அந்தப் பெரியவருக்குக் கையில் எந்தக் குறையும் இல்லை. பேனாவைக் கொடுத்தால் கையெழுத்தே போட்டிருப்பார். ஆனால் எந்த ஊரில் இருக்கிறோம் என்பது அவருக்குத் தெரியவில்லை. அந்த மகன் நல்லவர், மருத்துவச் செலவுக்குத்தான் கேட்டார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. இருந்தும் என்னால் அந்த ரேகையை வாங்க முடியவில்லை. விதி கை முடியாதவருக்காக எழுதப்பட்டது. மனம் முடியாதவரிடம் அதைப் பயன்படுத்தினால், நல்ல மகன் வந்த அதே வழியில் நாளை கெட்ட மகனும் வருவார். அவர் கோபமாகத் திரும்பிப் போனார். அவர் எங்கே போயிருக்க முடியும் என்பதுதான் பிரச்சினையே.

பவர் பத்திரம் எழுதி வாங்கிவிட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். ஒப்பந்தச் சட்டத்தின் 201-ஆம் பிரிவின்படி, எழுதிக் கொடுத்தவர் மனத்தெளிவை இழந்துவிட்டால் அந்த அதிகாரமும் முடிந்துவிடுகிறது. எந்த நாளுக்காக அதை எழுதி வைத்தோமோ அந்த நாளில் அது செல்லாது. சில நாடுகளில், மனம் போனபின்பும் நீடிக்கும் அதிகாரப் பத்திரம் என்று தனியாகவே ஒன்று உண்டு; நம் சட்டத்தில் இல்லை. 1987-ஆம் ஆண்டு மனநலச் சட்டத்தில், மாவட்ட நீதிமன்றத்தை அணுகிச் சொத்துக்குப் பாதுகாவலரையோ மேலாளரையோ நியமித்துக்கொள்ள வழி இருந்தது. அதற்குப் பதிலாக வந்து 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் நோயாளியின் உரிமைகளை உயர்த்திப் பிடிக்கும் நல்ல சட்டம். ஆனால் அதில் ஒருவர் நியமித்துக்கொள்ளும் பிரதிநிதி சிகிச்சை தொடர்பானவற்றில் மட்டுமே துணை நிற்க முடியும், வங்கிக் கணக்கைத் தொட முடியாது. ஆகவே குடும்பங்கள் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனுவோடு நிற்கின்றன. 2024-இல் சென்னை உயர் நீதிமன்றம், கோமாவில் கிடந்த ஒருவரின் சொத்தை விற்று அவருடைய சிகிச்சையைத் தொடர, அவர் மனைவியையே பாதுகாவலராக நியமித்தது. ஒரு மனைவி அதற்காக மேல்முறையீடு வரை போக வேண்டியிருந்தது என்பதைப் படித்தபோது எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஆகவே தெளிவு இருக்கும் காலத்தில் அவராகவே செய்ய வேண்டும். கூட்டுக் கணக்கு, வாரிசு நியமனம், உயில் என்று ஒவ்வொன்றுக்கும் நான் படிவம் சேகரித்தேன். அலுவலகத்தில் ஒரு பெரிய கடன் கோப்பைத் தயாரிப்பது போலவே வரிசைப்படுத்தி, கொடி ஒட்டி, எங்கெங்கே கையெழுத்து என்று பென்சிலால் புள்ளி வைத்தேன். அதற்குமேல் அந்தக் கோப்பு வெகுநாள் அலமாரியிலேயே இருந்தது. அவர் பேப்பரில் சுடோகு போட்டுக்கொண்டிருக்கும்போது, நீங்கள் நீங்களாக இல்லாமல் போகப்போகிறீர்கள், அதற்குள் இதில் கையெழுத்துப் போடுங்கள் என்று எப்படிச் சொல்வது?

சாப்பாட்டு மேசை

காலை காபிக்குப் பிறகான நேரம்தான் அவருக்கு மிகத் தெளிவான நேரம். ஒரு விடுமுறை நாளில் கோப்பை எடுத்து வந்து அவர் முன் வைத்தேன். சுற்றி வளைக்கவில்லை. “என்னங்க, டாக்டர் சொன்னது உங்களுக்கு ஞாபகம் இருக்கா?” என்றேன். “இருக்கு. அல்சைமர்னு சொன்னாரு. மறந்துபோற வியாதி. அதை மட்டும் மறக்க மாட்டேங்குது” என்றார். குரலில் கசப்பு இல்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் தாளை எடுத்தார்.

எனக்குத் தெரிந்து, வங்கிப் படிவத்தின் பின்பக்க நிபந்தனைகளை முழுதாகப் படித்த ஒரே வாடிக்கையாளர் அவர்தான். விடைத்தாள் திருத்துவதற்காக வைத்திருந்த சிவப்பு பால்பாயின்ட் பேனாவை எடுத்துக்கொண்டு, படித்து முடித்த ஒவ்வொரு பத்தியின் ஓரத்திலும் சின்னதாக ஒரு டிக் போட்டார். படிவத்தில் சிவப்பு மை கூடாது என்று சொல்ல வந்த நான் பேசாமல் இருந்துவிட்டேன். வேறு படிவம் எடுத்துக்கொள்ளலாம். ஓய்வூதியக் கணக்கில் என் பெயரையும் சேர்த்து, இருவரில் எவர் வேண்டுமானாலும் இயக்கலாம் என்று மாற்றுவது, சரி என்றார். வைப்புத்தொகைகளை அவ்வாறே மாற்றி, முதிர்வுக்கு முன் எடுக்கவும் இருவரில் ஒருவரே போதும் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுப்பது, ஒரு கணம் யோசித்து, “நான் அவசரப்பட்டு எடுத்துட்டா?” என்று கேட்டார். அந்தக் கேள்வியில் இருந்த நேர்மை என்னைக் கலங்க வைத்தது. ரசீதுகளை லாக்கரில் வைத்துவிடலாம் என்றேன், ஒப்புக்கொண்டார். உயில் வாசகத்தில் மகள் பெயருக்கு முன் இருந்த எழுத்துப்பிழையைத் திருத்தினார். எங்கள் குடும்ப மருத்துவர் ஒரு சாட்சியாக இருப்பார், சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவும் செய்துவிடலாம் என்றேன். உயிலுக்குப் பதிவு கட்டாயமில்லை. ஆனாலும், அன்றைக்கு அவர் தெளிவோடு இருந்தார் என்பதைப் பின்னால் யாரும் கேள்வி கேட்காதிருக்க அது உதவும்.

கடைசியாக ஒரு தாள் இருந்தது. அவர் பெயரில் மட்டும் உள்ள பழைய சேமிப்புக் கணக்கை மூடி, ஏ.டி.எம். அட்டையையும் காசோலைப் புத்தகத்தையும் ஒப்படைக்கும் கடிதம். அதைப் படித்து முடித்துவிட்டுப் பேனாவை மூடினார்.

“இது மட்டும் வேண்டாம்.”

போனில் வரும் ஏமாற்றுக்காரர்களைப் பற்றிச் சொன்னேன். ஓ.டி.பி. கேட்பவர்கள், டிஜிட்டல் கைது என்று மிரட்டுபவர்கள், படித்த பெரியவர்களே ஆயுள் சேமிப்பைப் பறிகொடுத்துவிட்டு எங்கள் கிளைகளில் வந்து நின்று அழுவது, இணைய மோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணுக்கு உடனே அழைத்தால்கூடச் சிலசமயம் பணம் திரும்புவதில்லை என்பது எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். “தெருமுனைக் கடையில நின்னுக்கிட்டு உனக்கு போன் போட்டுக் காசு கேட்கிற நிலைமைக்கு நான் இன்னும் வரலைம்மா” என்றார். பிறகு ஆசிரியர் குரலில், “ஏமாந்தா எவ்வளவு போகும்?” என்று கேட்டார். அந்தக் கணக்கில் எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவும் போகும் என்றேன். “அப்ப அதுல கொஞ்சமா வை.”

இத்தனை வருடம் கடன் குழுக்களில் உட்கார்ந்து, இழப்பைத் தவிர்க்க முடியாதபோது இழப்பின் அளவுக்கு வரம்பு போடு என்று பிறருக்குச் சொல்லி வந்தவள் நான். அதை அவர் நாலு வார்த்தையில் எனக்குச் சொன்னார். அந்த இடத்தில்தான் எனக்கு ஒன்று உறைத்தது. அவர் மற்ற எல்லாத் தாள்களிலும் கையெழுத்துப் போட்டது செல்லும் என்பதற்கு ஆதாரம் மருத்துவர் தரப்போகும் சான்றிதழ் இல்லை, இந்த மறுப்புதான். நீட்டிய தாளில் எல்லாம் கையெழுத்துப் போடுகிறவரின் கையெழுத்துக்கு என்ன பொருள்? வேண்டாம் என்று சொல்ல முடிகிறவர், காரணத்தோடு சொல்கிறவர், மாற்று வழியும் காட்டுகிறவர் தந்த சம்மதமே சம்மதம். நான் அந்தத் தாளைக் கோப்பிலிருந்து எடுத்துக் கிழித்தேன். பணத்தை அந்தக் கணக்கிலிருந்து மாற்றிவிட்டுச் சில ஆயிரங்கள் மட்டும் விட்டுவைத்தோம். 2020-இலிருந்து அட்டைகளுக்கான வரம்பை வாடிக்கையாளரே வைத்துக்கொள்ளவும், இணையவழிச் செலவை நிறுத்திவைக்கவும் முடிகிறது. அவர் தன் கையாலேயே தன் போனில் ஒருநாள் வரம்பைக் குறைத்து வைத்தார். குறுஞ்செய்தி என் எண்ணுக்கும் வரட்டும் என்றார்.

நான் எழப்போனேன். “இரு. நீ கேட்டதையெல்லாம் நான் கொடுத்துட்டேன். எனக்கும் ஒண்ணு வேணும்” என்றார். “என்னைக் காரணம் காட்டி நீ வேலையை விடக் கூடாது.”

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவர் விடவில்லை. “நீ வீட்டுல உக்காந்து என்னையே பாத்துக்கிட்டிருந்தா, நான் ஒவ்வொண்ணா மறக்கிறதை நீ எண்ணிக்கிட்டே இருப்பே. அது எனக்கு வேண்டாம். சாயங்காலம் வந்து ஆபீஸ்ல என்ன நடந்துச்சுன்னு சொல்லு. எனக்குப் புரியுற வரைக்கும் சொல்லு.”

சரிங்க என்றேன். எழுத்தில் இல்லாத, சாட்சி இல்லாத அந்த உடன்படிக்கைதான் அன்றைய தாள்களிலேயே எனக்குக் கனமானது.

எந்த அவர் சொல்வதைக் கேட்பது

20 ஆண்டு பணி முடித்தவர் மூன்று மாத முன்னறிவிப்போடு விருப்ப ஓய்வு பெறலாம், ஓய்வூதியமும் உண்டு. இதை எனக்கு நினைவூட்டாதவர்கள் குறைவு. “அண்ணி, இனிமே அண்ணனுக்கு நீங்கதானே எல்லாம், இந்த வேலை எதுக்கு?” என்று நாத்தனார் கேட்டாள். அன்பில் கேட்டாள், அதில் குறையில்லை. ஆனால் எங்கள் அலுவலகத்தில் மனைவிக்குப் பக்கவாதம் வந்து படுக்கையில் இருந்த ஆண் அலுவலரிடம் யாரும் விருப்ப ஓய்வைப் பற்றிப் பேசியதை நான் கேட்டதில்லை. நல்ல ஆளாகப் பார்த்து வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள் சார் என்றுதான் சொன்னார்கள். அதே அறிவுரை எனக்கு வந்திருந்தால் நன்றியோடு ஏற்றிருப்பேன். உண்மையில் அதைத்தான் செய்தேன். பகல் நேரத்துக்கு ஓர் உதவியாளர். அவர் வராத நாளில் மாற்று ஆள். அந்தச் செலவு என் சம்பளத்தில் இருந்துதான் போகிறது. மருத்துவக் காப்பீடு மருத்துவமனையில் சேர்த்தால் பணம் தரும். தினசரி ஒருவர் கூட இருந்து சோறு ஊட்டுவதற்குத் தராது. பழைய வரிமுறையில் இருப்பவர்களுக்கு, வருமான வரிச் சட்டத்தில், டிமென்ஷியா சிகிச்சைச் செலவுக்கு மூத்த குடிமக்கள் விஷயத்தில் ஒரு லட்சம் ரூபாய் வரை கழிவு உண்டு. நிபுணரின் சான்று வேண்டும். என்னிடம் கேட்பவர்களுக்கெல்லாம் இதைச் சொல்கிறேன். சென்னையில் ஸ்கார்ஃப் என்ற மனநல நிறுவனத்தின் டெம்கேர்ஸ் என்ற மறதிநோய்ப் பிரிவும், 1992 முதல் இயங்கும் இந்திய அல்சைமர் சங்கத்தின் கிளையும் இருப்பதையும் சொல்கிறேன். வேலையை விடு என்று சொல்ல வருகிறவர்கள் இப்படி ஒரு முகவரியோடு வந்தால் நல்லது.

எல்லாவற்றையும் வைத்துக்கொள்ள முடியவில்லை என்பதும் உண்மை. முதன்மை மேலாளர் நிலையிலிருந்து அடுத்த படிக்குப் போனால் வேறு மாநிலத்துக்கு மாற்றல் வரும். பெயர் கொடுக்கவில்லை. என்னைவிடப் பின்னால் சேர்ந்தவர்கள் எனக்கு மேலே வந்தார்கள். அது வலிக்கவில்லை என்று சொன்னால் பொய். மார்ச் மாதம் வருடக் கடைசி நெருங்கும்போது இரவு ஒன்பது மணிவரை கோப்புகளோடு உட்கார்ந்திருந்த நான், மாலை ஐந்தரைக்கு மேல் கூட்டங்களுக்கு வர முடியாது என்று எழுதிக் கொடுத்தேன். முதலில் முகம் சுளித்தார்கள். பிறகு கடன் குழுக் கூட்டமே காலைக்கு மாறியது. ஒருமுறை அந்தக் கூட்டத்தின் நடுவே போன் அதிர்ந்தது. அவருடைய கணக்கிலிருந்து ஐநூறு ரூபாய். சற்று நேரத்தில் மறுபடி ஐநூறு. எடுத்ததை மறந்து இன்னொரு முறை எடுத்திருக்கிறார். வரம்புக்குள்தான் இருந்தது. நான் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கோப்பின் அடுத்த பக்கத்துக்குப் போனேன். அவர் சட்டை போட்டுக்கொண்டு தெருமுனை வரை நடந்து போயிருக்கிறார் என்பது அந்தக் குறுஞ்செய்தியில் இருந்தது.

இதையெல்லாம்விடக் கடினமானது பிறகு வந்தது. நோய் முற்ற முற்ற, மாலையானால் பதற்றம் கூடியது. ஒருநாள் காலையில் நான் கைப்பையை எடுத்தபோது என் புடவை முந்தானையைப் பிடித்துக்கொண்டு, “போகாதே” என்றார். நான் யார் என்பது அன்று அவருக்கு நிச்சயமாகத் தெரிந்திருந்ததா என்று சொல்ல முடியாது. போகக் கூடாதவள் என்பது தெரிந்திருந்தது. மேசையில் உட்கார்ந்து, வேலையை விடக் கூடாது என்றவரும் அவர்தான். இப்போது போகாதே என்பவரும் அவர்தான். எந்த அவர் சொல்வதைக் கேட்பது? சட்ட அறிஞர்களுக்கும் இது தீராத வழக்கு என்று பின்னால் படித்தேன். தெளிவோடு இருந்தபோது ஒருவர் சொல்லி வைத்ததே அவருடைய வாழ்க்கைக்கு உரியது, அதற்கே முதலிடம் என்று வாதிட்டவர் ரொனால்ட் ட்வொர்கின். இப்போது நம் முன்னால் இருப்பவரின் இன்பமும் துன்பமும் எப்படிக் கணக்கில் வராமல் போகும் என்று கேட்டவர் ரெபேக்கா டிரெஸ்ஸர். இருவரையும் படித்துவிட்டு வந்து அதே முந்தானையோடுதான் நின்றேன்.

நான் வந்தடைந்த இடம் இதுதான்: பணத்திலும் வேலையிலும் அன்றைய அவர் சொன்னது நிற்கும், அந்தந்த நேரத்துப் பயத்தில் இன்றைய அவர் சொல்வது நிற்கும். அன்று ஒரு மணி நேரம் கழித்துப் போனேன். அவர் கையைப் பிடித்துக்கொண்டு, அலுவலகத்தில் முந்தைய நாள் வந்த ஓர் அரிசி ஆலைக் கடன் விண்ணப்பத்தைப் பற்றிச் சொன்னேன். நெல் எப்போது வரும், அரிசி எப்போது விற்கும், இடைப்பட்ட மாதங்களுக்கு எவ்வளவு பணம் வேண்டும் என்று சொல்லிக்கொண்டே போனேன். அவருக்குப் புரியவில்லை. குரல் தொடர்ந்து வந்தது பிடித்திருந்தது; பிடி தளர்ந்தது. புரியுற வரைக்கும் சொல்லு என்றுதான் அவர் கேட்டிருந்தார். அந்த எல்லை எப்போதோ கடந்துவிட்டது. சொல்வதை நிறுத்த எனக்கு மனமில்லை. தினமும் மாலை சொல்கிறேன்.

அந்தப் பழைய சேமிப்புக் கணக்கில் இப்போது எதுவும் நடப்பதில்லை. முதலில் ரகசிய எண் மறந்தது. பிறகு அட்டை எதற்கு என்பது மறந்தது. பிறகு கேட்பதும் நின்றுவிட்டது. வாடிக்கையாளராகச் செய்த பரிவர்த்தனை இரண்டு வருடத்துக்கு மேல் இல்லாவிட்டால் அது செயல்படாத கணக்காகும். பத்து வருடம் கடந்தால் தொகை ரிசர்வ் வங்கியின் வைப்பாளர் கல்வி மற்றும் விழிப்புணர்வு நிதிக்குப் போகும். போனபின்பும் உரியவர்கள் வங்கி மூலம் கேட்டுப் பெற்றுக்கொள்ளலாம். சென்ற மாதம் அந்தக் கிளையில் இருக்கும் இளம் அலுவலர் ஒருவர், என்மேல் உள்ள மரியாதையால், தானே முன்வந்து அழைத்தார். “மேடம், ஐயாவோட கைரேகை வாங்கிட்டா மூடிடலாம். நானே வீட்டுக்கு வந்து சாட்சி போட்டுடறேன்” என்றார். ஐயாவுக்குக் கை நன்றாகத்தான் இருக்கிறது தம்பி என்றேன். அவருக்குப் புரியவில்லை என்று தெரிந்ததும், அந்தத் தஞ்சாவூர்ப் பாட்டியிலிருந்து ஆரம்பித்து, ரேகை விதி யாருக்காக எழுதப்பட்டது என்று விளக்கினேன். அந்தக் கணக்கை மூடும் தாள் அவரிடம் ஏற்கெனவே ஒருமுறை நீட்டப்பட்டது, படித்துப் பார்த்து வேண்டாம் என்றார், அந்தப் பதில் இன்னும் நடைமுறையில் இருக்கிறது என்றும் சொன்னேன். வாரிசு நியமனத்தில் என் பெயர் இருக்கிறது. அதற்குரிய நாள் வரும்வரை கணக்கு அப்படியே இருக்கட்டும், செயல்படாத கணக்கு என்று குறித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி வைத்தேன்.